தேக்கடி: பாசன ஏரியில் பிறந்த சுற்றுலா

கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்திற்கு வரும் பயணியருள் மிகப் பெரும்பாலோர், குமுளி வழியாகத் தேக்கடிப் படகுத்துறையை அடைந்து, ஏரியில் படகேறி, கரையோரப் புல்வெளிகளில் மேயும் யானைகளையும் காட்டெருமைகளையும் கண்டு திரும்புவதையே அந்தக் காட்டைப் பார்த்ததாகக் கொள்கின்றனர். இவ்வழக்கம் சரணாலயத்தைத் திட்டமிட்டவர்கள் வகுத்ததன்று. மதுரைச் சீமையின் வறண்ட வயல்களுக்கு நீர் கொண்டுசெல்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட அணையே அதற்கு வித்திட்டது.

மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக்கடலில் கலந்துவந்த பெரியாற்றை மலைக்குள்ளேயே மறித்துக் கிழக்கே திருப்பும் திட்டத்திற்காக, திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 8000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெறப்பட்டது. பொறியாளர் பென்னிகுவிக்கின் பொறுப்பில் 1887இல் தொடங்கிய கட்டுமானம், காய்ச்சலுக்கும் வெள்ளத்திற்கும் பல உயிர்களைப் பலிகொடுத்த பின், 1895இல் நிறைவுற்றது. அணை காட்டின் நடுவே அமைய, நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கிற்கு விடும் தலைமதகு தேக்கடியில் அமைந்தது. தலைமதகு என்பது தேக்கிய நீர் கால்வாய்க்குள் நுழையும் வாயிலைக் கட்டுப்படுத்தும் கதவமைப்பாகும். அணைக்கும் மதகுக்கும் இடையே விரிந்த ஏரியே பணியாளர்களும் அதிகாரிகளும் சென்றுவரும் பாதையாயிற்று என்பதால், உல்லாசப் பயணிகள் வருவதற்கு முன்பே அங்கே படகு வந்துவிட்டது எனலாம். தமிழ்நாட்டு நீர்வளத் துறையினர் இன்றும் தேக்கடியிலிருந்து படகிலேயே அணைக்குச் செல்கின்றனர். பள்ளத்தாக்கில் நீர் நிரம்பியபோது மூழ்கிய மரங்களின் பட்ட அடிமரங்கள், நூறாண்டுகளுக்குப் பின்னும் நீருக்கு மேலே நின்று, நீர்க்காகங்களுக்கு இருக்கையாகவும் படம் எடுப்போருக்குக் காட்சியாகவும் விளங்குகின்றன.

ஏரியைச் சூழ்ந்த வனம் 1899இல் காப்புக்காடாக, அதாவது மரம் வெட்டுதல், நிலம் திருத்துதல் முதலியவற்றை அரசு சட்டப்படி தடுத்த காடாக, அறிவிக்கப்பட்டதற்கும் விலங்குகள் மீதான பரிவு காரணமன்று. பீர்மேடு, வண்டிப்பெரியாறு பகுதிகளில் வேகமாகப் பரவிவந்த தேயிலைத் தோட்டங்கள் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் விழுங்கிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கமாக இருந்தது. விலங்குகளுக்கான பாதுகாப்பு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தே வந்தது. திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1934இல், நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயம் உருவாக்கப்பட்டது. ஏரியின் இடைப்பாளையம் கரையில் எழுந்த அரச குடும்பத்தின் கோடை மாளிகைக்கும் படகிலேயே செல்ல வேண்டியிருந்தது. அது இன்று அரசுச் சுற்றுலாக் கழகத்தின் விடுதியாக இயங்குகிறது. மன்னர் ஓய்வெடுத்த முறையே, ஒரு தலைமுறைக்குள், கட்டணம் செலுத்தும் எவருக்கும் உரிய பொழுதுபோக்காக மாறியது என்று கருத இடமுண்டு. சுதந்திரத்திற்குப் பின் 1950இல் சரணாலயம் பெரியாறு என்னும் பெயரில் 777 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. 1982இல் அதன் உட்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இந்த ஏரியின் உரிமை விசித்திரமாகப் பிரிந்து கிடக்கிறது. நீர் தமிழ்நாட்டின் பாசனத்திற்கு உரியது. கரையும் காடும் கேரள வனத்துறையின் பொறுப்பில் உள்ளன. 1970இல் ஏற்பட்ட துணை ஒப்பந்தத்தின் வழியே மீன்பிடி உரிமையும் கேரளத்திற்குச் சென்றது. இதனால் பயணியர் காணும் காட்சியைக்கூட ஓரளவு பாசனமே தீர்மானிக்கிறது. நீர்மட்டம் தாழும் கோடையில் கரையோரத்தில் அகன்ற புல்வெளி வெளிப்பட, விலங்குகள் மேய்ச்சலுக்கும் நீருக்கும் இறங்கி வருகின்றன. மழைக்காலத்தில் மட்டம் உயர்ந்து அந்தப் புல்வெளி மூழ்கிவிடும்போது, எங்கும் தண்ணீர் கிடைக்கும் உள்காட்டிலேயே அவை தங்கிவிடுகின்றன. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 142 அடிவரை தேக்க அனுமதிக்கப்பட்ட நீர்மட்டம், இரு மாநில அரசியலில் எழுப்பிய புயலைத் தமிழ் வாசகர் நன்கறிவர். அதே அளவுகோல் யானை கரைக்கு வரும் தூரத்தையும் மாற்றக்கூடியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

காட்டிற்கு வருவோர் அனைவரும் உல்லாசப் பயணிகள் அல்லர். சபரிமலை இக்காப்பகத்தின் எல்லைக்குள் உள்ளது. தமிழக எல்லையில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயில், ஆண்டில் ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும், இரு மாநில மக்களுக்கும் திறக்கப்படுகிறது.

எல்லா வருகையாளர்களுக்கும் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் மன்னான், பளியர் என்னும் பழங்குடியினர். மதுரையிலிருந்து வந்தவர்கள் எனத் தம் வழிவழிக் கதைகளில் கூறிக்கொள்ளும் மன்னான்கள், தமிழோடு நெருங்கிய பேச்சுடையவர்கள். சரணாலயம் வளர வளர இவர்களின் குடியிருப்புகள் காட்டின் உள்ளிருந்து விளிம்பிற்கு நகர்த்தப்பட்டுக் குமுளியை ஒட்டி அமைந்தன. ஏரியில் மீன் பிடித்தும் காட்டில் தேன் எடுத்தும் பிழைத்தவர்களுக்குப் படகுச் சுற்றுலாவால் நெடுங்காலம் பெரிய பயன் விளையவில்லை. விளிம்பில் வாழ்ந்த ஏழைகள் வேறு சிலர், வயனா எனப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தும் தொழிலில் இறங்கினர். இரவுகளைக் காட்டிலேயே கழித்து, விலங்குத் தடங்களையும் வனக்காவலரின் நடமாட்டத்தையும் ஒருங்கே அறிந்த அவர்களைப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை.

மாற்றம் 1996இல் தொடங்கிய இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தோடு வந்தது. உலக வங்கியின் நிதியுதவியுடன் நாட்டின் ஏழு காப்பகங்களில் நடைபெற்ற இத்திட்டம், காட்டை நம்பி வாழ்வோருக்கு மாற்று வருவாய் ஏற்படுத்தினால் காட்டின் மீதான சுமை குறையும் என்னும் கருத்தின் மேல் நின்றது. அதற்காகக் கிராமம் அல்லது தொழில் அடிப்படையில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பட்டை உரித்தோரில் 23 பேர் மனம் மாறி முன்வர, வனத்துறை அவர்கள் மீதான வழக்குகளைக் கைவிட்டு, 1998இல் அவர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு ‘பெரியாறு டைகர் ட்ரெயில்’ என்னும் நடைப்பயணத்தைத் தொடங்கியது. சில பயணியர் மட்டும், ஆயுதம் தாங்கிய காவலரின் துணையோடு காட்டில் நடந்து கூடாரத்தில் தங்க, வழிகாட்டிகள் நடக்கும்போதே காட்டைக் கண்காணித்தும் வந்தனர். பழங்குடியினரும் இரவு நடைகளுக்கும் மூங்கில் தெப்பப் பயணங்களுக்கும் வழிகாட்டிகளாயினர். குமுளிப் பெண்கள், ஊதியம் எதுவும் பெறாமல், வசந்த சேனை என்னும் பெயரில் 2002 முதல் நாள்தோறும் காட்டைச் சுற்றிவந்து காவல் காத்தனர். தேக்கடியின் வரலாற்றில் உண்மையான திருப்பம், அறிவிக்கை வெளியான எந்த ஆண்டையும்விட, இந்த ஆறேழு ஆண்டுகளில்தான் நிகழ்ந்தது.

ஆனால் கூட்டம் படகையே நாடியது. 2009 செப்டம்பர் 30 அன்று மாலை, ‘ஜலகன்னிகா’ என்னும் ஈரடுக்குப் படகு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணியர் ஒரு பக்கமாக ஒதுங்கியபோது படகு சாய்ந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. அதன் பின்னர் உயிர்காப்பு உடையும் இருக்கையை விட்டு எழாமையும் கட்டாயமாயின. விதிகள் இறுகினவே தவிர, நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கரையை நோக்கும் அந்த முறை மாறவில்லை.

நடைப்பயணம் சிலருக்கு மட்டுமே இடம் தருவது; ஆண்டுதோறும் வரும் பெருங்கூட்டத்திற்கு அது விடையாகாது. எனினும், காட்டை அறிந்தவரின் அறிவுக்கே கூலி கிடைக்கும் வருகைமுறை அதுவே என்பதால், தேக்கடிக்குச் செல்ல எண்ணுவோர் படகுச் சீட்டுக்கு வரிசையில் நிற்பதற்கு முன், வனத்துறையின் நடைப்பயணங்களில் இடம் உண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.