19 ஆட்டங்களில் பட்டம், 114 ஆட்டங்களில் தண்டனை

2011 ஜூன் 26 அன்று புவனோஸ் ஐரிஸ் நகரின் மொனுமென்டல் அரங்கில் ரிவர் பிளேட் அணி பெல்கிரானோவுடன் 1-1 என்று சமன் செய்தது. அந்தச் சமனோடு, தன் 110 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது. அர்ஜென்டினாவின் 2010-11 கால்பந்துப் பருவத்தைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு பிற்பகலிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. தடுக்கப்பட்ட பெனால்டி, அழுத முகங்கள், பார்வையாளர் மேடையிலும் தெருவிலும் வெடித்த கலவரம் ஆகியவை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. பெரிய சங்கம் ஒன்று மோசமாக ஆடியது, ஆகவே விழுந்தது என்று கதை முடித்துவைக்கப்படுகிறது. ஆட்டக் கணக்குகளைப் பொறுமையாகப் புரட்டினால் இந்த முடிவு நிற்காது. அந்தப் பருவத்தில் ரிவர் மோசமாக ஆடவில்லை. மூன்று ஆண்டுகளைக் கூட்டி வகுக்கும் ஒரு விதிதான் அதை இறக்கியது. எந்தப் பெரிய சங்கங்களைக் காப்பதற்காக அந்த விதி வந்ததாக நம்பப்படுகிறதோ, அவற்றையும் அதனால் காக்க முடியாது என்பதை மறுக்க முடியாதபடி காட்டிய பருவம் இது.

அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். முதல்நிலையில் அன்று 20 அணிகள். ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிவது அப்பெர்துரா. பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடிவது கிளவுசுரா. ஒவ்வொன்றிலும் அணிக்கு 19 ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாம்பியன். 2010 அப்பெர்துராவை அலெஹாந்த்ரோ சபேல்லாவின் பயிற்சியில் எஸ்துதியாந்தெஸ் வென்றது. 2011 கிளவுசுராவை ரிக்கார்தோ கரேகாவின் வெலெஸ் சார்ஸ்ஃபீல்ட் வென்றது. பட்டம் இவ்வளவு குறுகிய காலத்தில் தீர்ந்துவிடும். இறக்கம் அப்படியில்லை. கடைசி மூன்று பருவங்களில் ஓர் அணி பெற்ற புள்ளிகளைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். மூன்று பருவமும் முதல்நிலையில் இருந்த அணிக்கு அது 114 ஆட்டங்களின் கணக்கு. கடைசி இரண்டு சராசரிகள் நேரடியாக இறங்கும். அவற்றுக்கு மேலுள்ள இரண்டும் இரண்டாம் நிலையின் மூன்றாம், நான்காம் இடத்து அணிகளோடு உள்ளூரில் ஒன்றும் வெளியூரில் ஒன்றுமாக இரண்டு ஆட்டங்கள் ஆடித் தப்பிக்க வேண்டும். புகழுக்கு 19 ஆட்டங்களின் நினைவு, தண்டனைக்கு 114 ஆட்டங்களின் நினைவு என்று ஒரே போட்டிக்குள் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. கோளாறு இங்கேதான் என்பது என் வாதம்.

ரிவரின் எண்களைப் பாருங்கள். 2010 அப்பெர்துராவில் 31 புள்ளிகளோடு நான்காம் இடம்; 2011 கிளவுசுராவில் 26 புள்ளிகளோடு ஒன்பதாம் இடம். மொத்தம் 38 ஆட்டங்களில் 57 புள்ளிகள், அதாவது ஆட்டத்துக்கு 1.5. எந்த நாட்டு லீக்கிலும் இது இறங்கும் அணியின் கணக்கு அல்ல. ஆனால் 2008-09இல் அது எடுத்தது 41, 2009-10இல் 43. மூன்றும் சேர்ந்து 141. அதை 114ஆல் வகுத்தால் 1.237; இதுதான் ரிவரை பெல்கிரானோவுக்கு எதிரான அந்த இரண்டு தப்பிப்பு ஆட்டங்களுக்குத் தள்ளியது. இதற்குள்ளேயும் ஒரு சிறு பகுதியை உற்றுநோக்க வேண்டும். 2008 அப்பெர்துராவில் ரிவர் 19 ஆட்டங்களில் 14 புள்ளிகள் மட்டுமே பெற்று 20ஆம் இடத்தில், கடைசியில் நின்றது. அந்த அரைப் பருவத்தை மட்டும் எடுத்துவிட்டால் எஞ்சிய 95 ஆட்டங்களில் 127 புள்ளிகள், சராசரி 1.337 ஆகிவிடும். 2011 ஜூனில் கொட்டிய கண்ணீரின் பெரும்பகுதி 2008 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்ட கடன். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்தக் கடைசி இடத்துக்குச் சற்று முன்புதான், 2008 கிளவுசுராவில், தியேகோ சிமியோனேயின் பயிற்சியில் ரிவர் சாம்பியன் ஆகியிருந்தது. அந்தப் பட்டத்தின் புள்ளிகள் அடுத்த இரண்டு பருவங்களுக்கு அதைத் தாங்கின. 2010-11 தொடங்கியதும் 2007-08 கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது; பட்டத்தின் பலன் போய், பட்டத்துக்குப் பிந்தைய சரிவு மட்டும் மிஞ்சியது.

இந்த விதி 1983இல் வந்தது. 1981இல் சான் லொரென்சோ என்ற பெரிய சங்கம் ஒரே ஒரு மோசமான ஆண்டால் இறங்கியிருந்தது. அப்படி இன்னொரு முறை நேராதிருக்கவே, 1979 முதல் அர்ஜென்டினக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்த ஹூலியோ கிரொண்டோனாவின் காலத்தில் சராசரி கொண்டுவரப்பட்டது என்பது பரவலான கருத்து. 1983லேயே அதன் முதல் பயனாளி யார் தெரியுமா? அந்த ஆண்டு 19 அணிகளில் 18ஆவதாக வந்த ரிவர் பிளேட்தான். பழைய முறைப்படி இறங்கியிருக்க வேண்டிய அது சராசரியால் தப்பியது, ராசிங் இறங்கியது. ராசிங்கும் பெரிய சங்கமே. ஆகவே கேடயம் முதல் ஆண்டிலேயே ஒருவரைக் காத்து மற்றவரை வெட்டியது.

சராசரியை ஆதரிப்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரே ஆண்டில் காயங்களும் நடுவர் பிழைகளும் அதிர்ஷ்டமும் ஓர் அணியைச் சாய்த்துவிடலாம். மூன்றாண்டுக் கணக்குதான் ஒரு சங்கத்தின் உண்மையான தரத்தைக் காட்டும் என்கிறார்கள். ரிவருக்கும் உராகானுக்கும் ஒரே விதிதான் பொருந்தியது என்றும் சுட்டுகிறார்கள். அது உண்மையே: 2009 கிளவுசுராவில் கடைசி ஆட்டத்தில் வெலெஸிடம் பட்டத்தைப் பறிகொடுத்து இரண்டாம் இடம் பெற்ற உராகான், இரண்டே ஆண்டுகளில், இதே 2010-11இல், கில்மெஸுடன் நேரடியாக இறங்கியது. பாகுபாடு இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் மூன்றாண்டுச் சராசரிதான் தரத்தின் அளவு என்றால், பட்டத்தையும் அதே அளவால் அல்லவா கொடுக்க வேண்டும்? 19 ஆட்டங்கள் ஒருவரைச் சாம்பியன் என்று அழைக்கப் போதுமானவை, 38 ஆட்டங்கள் ஒருவரை இறக்கப் போதாதவை என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. அதோடு, ஒரு பருவத்தில் புதிதாக ஏறி வரும் அணிக்குப் பழைய சேமிப்பு எதுவும் கிடையாது. தான் ஆடிய ஆட்டங்களால் மட்டுமே அதன் புள்ளிகள் வகுக்கப்படும். அதன் ஓராண்டை மற்றவரின் மூன்றாண்டோடு ஒரே பட்டியலில் நிறுத்துவது, அளவை ஒன்றாக்குவதாகச் சொல்லிக்கொண்டே வேறுவேறு அளவுகளைப் பயன்படுத்துவதாகும்.

நீண்ட கணக்கு சங்கங்களை நிதானமாகத் திட்டமிட வைக்கும் என்ற வாதமும் உண்டு. ரிவரில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2001 முதல் 2009 வரை தலைவராக இருந்தவர் ஹொசே மரியா அகிலார். கடைசி இடமும் அதைத் தொடர்ந்த சரிவும் அவர் காலத்தவை. ரடமெல் ஃபல்காவோ 2009இல் போர்த்துகலின் போர்ட்டோவுக்கு விற்கப்பட்டதும் அப்போதுதான். 1978 உலகக் கோப்பையை அணித்தலைவராக ஏந்திய தானியல் பசரேல்லா 2009 டிசம்பரில் பொறுப்பேற்றார். அவருடைய தவறுகளும் குறைவல்ல. பருவத்தின் நடுவே பயிற்சியாளர் ஆங்கெல் கப்பா நீக்கப்பட்டு ஹுவான் ஹொசே லோபெஸ் வந்தார். ஆனாலும் 57 புள்ளிகள் எடுத்த ஆட்டக்காரர்கள், 14 புள்ளிகள் எடுத்தவர்களின் கடனைக் கட்டினார்கள். அபாய மணி 2008லேயே அடித்திருந்தால் நிர்வாகம் விழித்திருக்கும். சராசரி அந்த மணியின் நாக்கைக் கட்டிவைத்தது. பழைய பட்டத்தின் புள்ளிகள் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றியது.

இதைச் சொல்வதால் பெல்கிரானோவின் வெற்றி சிறுக்காது. ரிக்கார்தோ சியெலின்ஸ்கி பயிற்றுவித்த அந்தக் கோர்தோபா அணி ஜூன் 22 அன்று உள்ளூரில் 2-0 என்று வென்றது. இரு ஆட்டங்களின் கோல்கள் சமமானால் முதல்நிலை அணியே தங்கும் என்ற சலுகை ரிவருக்கு இருந்தும், நான்கு நாட்கள் கழித்து மொனுமென்டலில் பவோனே தொடக்கத்திலேயே கோல் அடித்தும், ஃபர்ரே சமன் செய்தார். பவோனேயின் பெனால்டியை வாயிற்காவலர் ஒலாவே தடுத்தார். கலவரத்தால் ஆட்டம் முழு நேரத்துக்குச் சற்று முன்பே நிறுத்தப்பட்டது. பெல்கிரானோ அதன்பின் 2019 வரை முதல்நிலையிலேயே நிலைத்தது. ஏறி வந்ததில் தற்செயல் எதுவும் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த மாதமே கால்பந்துச் சங்கம் இரண்டு நிலைகளையும் இணைத்து 38 அணிகளின் போட்டியை முன்மொழிந்தது. எதிர்ப்பு கிளம்பவே கைவிட்டது. ரிவர் இரண்டாம் நிலையில் ஓராண்டு ஆடி, அதை வென்று, 2012 ஜூனில் மீண்டது. 2013இல் இன்டிபென்டியென்டேயும் இதே சராசரியால் இறங்கியது. விதியோ சாகவில்லை: 2023இல் ஓரிடம் சராசரிக்கு, ஓரிடம் ஆண்டுப் பட்டியலுக்கு என்று பிரித்து, ஆர்செனலையும் கொலோனையும் இறக்கினார்கள். பாதி நியாயம் போதாது. ஒரு பருவத்தின் பட்டமும் இறக்கமும் அந்தப் பருவத்தின் ஒரே பட்டியலிலிருந்து பிறக்க வேண்டும். சராசரியை அர்ஜென்டினா முழுமையாகக் கைவிட வேண்டும்.