ஈயின் சுரப்பி காட்டிய வரிசை

1953-இல் மேபல் ஹோக்கின், லோவல் ஹோக்கின் இணையர் புறாவின் கணையத்தைச் சீவி, அசிட்டைல்கோலின் கலந்த கரைசலில் இட்டார்கள். கணையம் நொதிகளைச் சுரந்தது; அது தெரிந்த கதை. ஆனால் கரைசலில் அடையாளமாகச் சேர்த்த கதிரியக்கப் பாஸ்பரஸ் செல்களின் பாஸ்போலிப்பிடுகளில் பன்மடங்கு ஏறியிருந்தது. சவ்வின் சுவராக நிற்பதே வேலை என்று கருதப்பட்ட கொழுப்பு, வெளியிலிருந்து வந்த செய்திக்கு ஏன் அசைய வேண்டும்?

விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் கொழுப்புகளில் ஒன்றான பாஸ்படிடைல் இனோசிட்டால் சிதைவதுதான் செல்லுக்குள் கால்சியம் உயர வழிசெய்கிறது என்று 1975-இல் ராபர்ட் மிச்செல் வாதிட்டார். கால்சியம் உயர்ந்த பிறகே கொழுப்பு சிதைகிறது என்றனர் மறுத்தவர்கள். எது முந்தியது என்பதே வழக்கு.

அதைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜின் மைக்கேல் பெரிட்ஜ் எடுத்துக்கொண்டது ஓர் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை. மெல்லிய குழாய் போன்ற உறுப்பு. செரட்டோனின் பட்டதும் சுரக்கத் தொடங்கிவிடும். இவ்வளவு எளிய பொருளைத் தேர்ந்ததில்தான் அவருடைய கூர்மை இருக்கிறது என்பேன். 1983-இல் அவர் அளந்து காட்டினார்: முதலில் உடைவது பாஸ்படிடைல் இனோசிட்டால் அன்று, கூடுதலாக இரண்டு பாஸ்பேட் ஏறிய அதன் அரிய வடிவம். அதிலிருந்து பிரியும் இனோசிட்டால் டிரைபாஸ்பேட், கால்சியத்தின் செயல் தெரியும் முன்பே உயர்ந்துவிடுகிறது. அதே ஆண்டு ஹன்னா ஸ்ட்ரெப், ராபின் இர்வின், இரேன் ஷுல்ஸ் ஆகியோருடன் அவர் செய்த ஆய்வில், சவ்வில் துளையிட்ட கணையச் செல்களுக்கு இந்த மூலக்கூறைக் கொடுத்ததும், மைட்டோகாண்ட்ரியா அல்லாத உட்கிடங்கிலிருந்து கால்சியம் வெளிவந்தது.

இன்று வழி தெளிவு. ஏற்பி தூண்டப்பட்டதும் பாஸ்போலிப்பேஸ் சி கொழுப்பைப் பிளக்கிறது. சவ்விலேயே தங்கும் டைஅசைல்கிளிசரால் புரதக் கைனேஸ் சி-யை எழுப்புகிறது. இது யசுடோமி நிஷிசூகாவின் கண்டுபிடிப்பு. நீரில் கரையும் மறுபாதியான இனோசிட்டால் டிரைபாஸ்பேட் எண்டோபிளாச வலையின் கால்சியக் கதவைத் திறக்கிறது. ஓய்வில் உள்ள செல்லின் கால்சியம் வெளியில் இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே சிறு கசிவும் பெரிய செய்தி. அந்தக் கதவுப் புரதமும் வேறு பெயரில் முன்பே அறிமுகமானதுதான். சிறுமூளையில் ஏராளமாக இருந்தும் வேலை புரியாமல் கிடந்த பி400 புரதமே அது என்று கட்சுஹிகோ மிகோஷிபா குழு 1989-இல் நிறுவியது.

தூது முடிந்ததும் பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று இனோசிட்டால் மீள்கிறது. கடைசிப் பாஸ்பேட் கழல்வதை லித்தியம் தடுக்கும். இருமுனை மனநோய்க்கு அது மருந்தாவது இதனால்தானா? அளவுக்கு மீறித் துடிக்கும் செல்களில் இனோசிட்டால் வற்றுவதே காரணம் என்ற கருத்து கவர்ச்சியானது. ஆனால் ஜிஎஸ்கே-3 என்ற கைனேஸையும் லித்தியம் அடக்குவதால், வழக்கு இன்னும் முடியவில்லை.