ஆந்தையின் பெயர் வரலாறு

சொற்களின் பிறப்பை ஆராயப் புகுவார் முதற்கண் ஐயுற வேண்டுவது தம் செவியையே ஆகும். இருமொழிச் சொற்கள் ஒத்தொலித்தல் கண்டவுடன் அவை ஒருவழிப் பிறந்தன எனத் துணிதல் எளிது. அத்துணிபு பலகாலும் பிழைபடும். ஆந்தையின் பெயர்கள் இதற்குத் தக்க சான்றாவன.

சுவீடிய மொழியில் ஆந்தையை 'உக்லா' என்பர். டேனிய, நோர்வீஜிய மொழிகளில் அது 'உக்லெ' எனப்படும். வடமொழி கற்றார் இதனைக் கேட்பின், 'உலூகம்' என்னும் சொல்லின் எழுத்துக்களே இடம் மாறி இவ்வாறு நின்றன எனக் கூற முற்படுவர். அது பொருந்தாது. இவற்றிற்கு இனமான யேர்மன் மொழியில் ஆந்தை முற்காலத்தில் 'ஊவில' எனவும் இக்காலத்தில் 'ஒய்ல' எனவும் வழங்கும்; ஆங்கிலத்தில் 'அவுல்' எனப்படும். இவற்றிற் ககரம் இல்லை. பண்டை யேர்மானிய மூலமொழியில் இரட்டித்து நின்ற வகரம் வடபுல மொழிகளிற் ககர ஒலி பெற்றது என்பது ஹோல்ட்ஸ்மான் என்னும் யேர்மன் அறிஞர் பெயரால் வழங்கும் விதி. வெட்டுதலைக் குறிக்கும் ஆங்கில 'ஹியூ' என்பதற்கு இனமான சுவீடியச் சொல் 'ஹுக்கா' ஆதலும் அவ்விதியாலேயாம். ஆகவே 'உக்லா'விலுள்ள ககரம் பின்வந்தது. அச்சொல்லுக்கு முதல் அப்பறவையின் 'ஊ' என்னும் குரலே.

நம் 'கூகை'யும் குரலாற் பெற்ற பெயரே. கூவுதல் என்னும் வினையோடு அது இயைபுடையது. கன்னடத்துக் 'கூகெ' அதற்கு இனமாகும். நற்றிணை 83ஆம் பாட்டில் தோழி, ஊர்த்துறை முதுமரத்துக் கூகைக்கு நெய்ச்சோறும் ஊனும் சுட்ட எலியும் தருவதாகக் கூறி, தலைவன் வரும் இரவிற் குழறாதிருக்குமாறு வேண்டுகின்றாள். புறநானூற்று 364ஆம் பாட்டைப் பாடியவர், அதில் வரும் கூகைக்கோழியாற் கூகைக்கோழியார் எனப் பெயர் பெற்றார்.

இதுகொண்டு பிசிராந்தையார் பெயரிலும் பறவையைக் காணலாகாது. 'ஆதன் தந்தை' என்பதே 'ஆந்தை' எனத் திரிந்தது. 'பூதன் தந்தை' என்பது 'பூந்தை' ஆயினாற்போல. இத்திரிபுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் விதி கூறுகின்றது. அங்கு ஹோல்ட்ஸ்மான் விதி செய்த பணியை இங்குத் தொல்காப்பியர் விதி செய்கின்றது.

தமிழ்ச்சொல்லெல்லாம் வடமொழி வழிவந்தன என்பாரும், உலகச் சொல்லெல்லாம் தமிழ்வழி வந்தன என்பாரும் செவியொப்புமை ஒன்றையே பற்றி நிற்கின்றனர். நம் மொழியின் பெருமை அத்தகைய சான்றினை வேண்டுவதன்று. ஒப்புமை கண்டவிடத்து விதி யாது என வினவும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுதலே நாம் தமிழுக்குச் செய்யத்தக்க தொண்டாம்.