மாதிரி எண்: தோற்றமும் தொல்லையும்

பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்தாலும் கரும்பலகையில் ஒரு மாதிரி எழுதிக் காட்டித்தான் கற்பிக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சியிலே எங்களுக்குச் சொல்லித் தந்த முதற் பாடங்களுள் அதுவும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் வகுப்பில், அவசர வேளைக்கான தொடர்பு அட்டையை நிரப்பக் கற்றுக் கொடுத்தேன். பெயர், தந்தை பெயர், லயத்து வீட்டு எண், தொலைபேசி எண் என்று பலகையில் வரிசையாக எழுதி, தொலைபேசி எண்ணுக்கு நேரே வாயில் வந்த இலக்கங்களை இட்டேன். பிள்ளைகள் தத்தம் பெயரைச் சரியாகவே எழுதினர். எண்ணை மட்டும் நாலைந்து பேர் பலகையிலிருந்து அப்படியே படியெடுத்துக் கொண்டனர். நான் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு திங்கள் கழித்து ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் கண்டு உடம்பு கொதித்தது. அட்டையைப் பார்த்துத் தந்தையாரை அழைத்தேன். மறுமுனையில் ஒரு சீனப் பெரியவர், “இனி சியாப்பா?” என்று கேட்டார். நான் கற்பனையில் உண்டாக்கியதாக எண்ணியிருந்த எண், வேறோர் ஊரில் அவருடைய கடையில் மணியடித்துக் கொண்டிருந்தது! பிறகு மோட்டார் சைக்கிளில் ஆளனுப்பித் தோட்டத்திலிருந்து தகப்பனாரை அழைத்து வந்தோம்.

கணினிக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் செய்து வருவதும் இதே காரியந்தான். புதிய படிவம் ஒன்றையோ குறுஞ்செய்தி அனுப்பும் கருவியையோ ஆக்கும்போது, எண் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஓர் எண்ணை இட்டு வைக்கின்றனர். ‘பின்னர் மாற்றிக் கொள்ளலாம்’ என்பது நினைப்பு. வேலை முடியும், நினைப்பு மறையும், எண் மட்டும் நிரலுக்குள் தங்கி, அது செல்லும் இடமெல்லாம் தானும் செல்லும். இப்பழக்கம் கணினியோடு பிறந்ததன்று. அதன் வேரைக் காண நாம் தொலைபேசியின் தொடக்க காலத்துக்குச் செல்ல வேண்டும்.

எண் பிறந்த கதை

தொலைபேசிக்கு முதலில் எண்ணே கிடையாது. 1878ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளியான முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே ஒரு தாள். அதில் 50 சந்தாதாரர்களின் பெயர்களே இருந்தன. பேச விரும்புவோர் பெயரைச் சொல்லுவர். இணைப்பகத்தில் அமர்ந்திருப்போர் ஊராரை அறிந்தவராகையால் உரிய கம்பியில் இணைத்து விடுவர்.

அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் மணல்வாரி அம்மை பரவியது. அங்கே மருத்துவராயிருந்த மோசஸ் கிரீலி பார்க்கர் என்பார், இணைப்பகத்திலுள்ள நால்வரும் ஒருசேர நோயில் விழுந்தால் ஊரின் தொலைபேசி முழுதும் நின்றுவிடுமே என்று அஞ்சினார். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், ஊரை அறியாத புதியவரும் வேலை பார்க்கலாம் என்று யோசனை கூறினார். நோய்க்கு அஞ்சிப் பிறந்த அந்த எண்முறையே பின்னர் உலகெங்கும் பரவியது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. எண்ணின் பெருமையே அதற்கு ஆளை அறிய வேண்டியதில்லை என்பதுதான். அதன் குறையும் அதுவே. இலக்கணப் பாடத்தில் ‘கந்தன் கிளியை வளர்த்தான்’ என்று எழுதினால், அந்தக் கந்தன் யாரென்று எவரும் தேடிப் போவதில்லை. அவன் மாதிரிக் கந்தன் என்பது படிப்பவருக்குத் தானே விளங்குகிறது. எண்ணுக்கோ அத்தகைய முகம் இல்லை. மெய்யான எண்ணும் பொய்யான எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்தாம்.

பணப்பையிலே வந்த எண்

இவ்வுண்மையை உலகுக்கு முதன்முதலாக நன்கு உணர்த்தியது தொலைபேசி எண்ணன்று, ஒரு பணப்பை! 1930களின் நடுவே அமெரிக்க அரசாங்கம் தொழிலாளர்க்கு ஓய்வூதியம் வழங்கும் பொருட்டுச் சமூகப் பாதுகாப்பு எண் என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒன்பது இலக்க எண்ணும் அதற்கோர் அட்டையும் உண்டு. 1938ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் ஊரிலிருந்த பணப்பைக் கம்பெனி ஒன்று, தன் பைகளில் அந்த அட்டை எத்துணைப் பாங்காய்ப் பொருந்துகிறது என்று காட்ட விரும்பி, ஒவ்வொரு பையிலும் ஒரு மாதிரி அட்டையைச் செருகிற்று. அதில் அச்சிட்ட எண்ணோ கம்பெனி அதிகாரி ஒருவரின் காரியதரிசியாகிய அம்மையாருக்கு அரசாங்கம் மெய்யாகவே வழங்கியிருந்த எண்!

மாதிரி அட்டை மெய்யட்டையில் பாதியளவே இருந்தது. சிவப்பு மையில் அச்சிடப்பட்டிருந்தது. ‘மாதிரி’ என்னும் சொல்லும் குறுக்கே பொறிக்கப்பட்டிருந்தது. எனினும் என்ன? உல்வொர்த் போன்ற பெருங்கடைகளில் அப்பையை வாங்கியவருள் பலர் அதுவே தம் எண் என்று எடுத்துக் கொண்டனர். 1943ஆம் ஆண்டில் மட்டும் 5,755 பேர் அந்த ஒரே எண்ணின் கீழ் வேலை பார்த்து வந்தனர். காலப்போக்கில் அவ்வெண்ணைத் தமதென்று கூறியவர் தொகை 40,000ஐயும் கடந்தது. அரசாங்கம் அவ்வெண்ணைச் செல்லாததாக்கி, அம்மையாருக்கு வேறெண் வழங்கிற்று. அதன் பின்னரும், 1977ஆம் ஆண்டில், 12 பேர் அதை விடாது பயன்படுத்தி வந்தது கண்டறியப்பட்டது.

அவர்களை அறிவிலிகள் என்று நகைப்பது எளிது. நான் நகைக்க மாட்டேன். கடையில் வாங்கிய புதுப்பையில் அரசாங்க முத்திரை போன்ற ஒன்றோடு ஓர் அட்டை இருக்கிறது. அரசாங்கமோ அப்பொழுதுதான் எல்லாரும் எண் வைத்திருக்க வேண்டும் என்று முழங்கிக் கொண்டிருக்கிறது. எளிய தொழிலாளி வேறென்ன நினைப்பான்?

அரசாங்கமே இதற்கு விலக்கன்று. 1940ஆம் ஆண்டில் சமூகப் பாதுகாப்புக் கழகம் வெளியிட்ட சிற்றேட்டின் அட்டையில் ஒரு கற்பனை எண் அச்சாகியிருந்தது. 22 ஆண்டுகள் கழிந்தன. 1962இல் யூட்டா மாநிலத்து புரோவோ நகர அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி வந்து, தம் எண்ணைப் புதிய முதலாளி ஏற்க மறுக்கிறார் என்று முறையிட்டார். ‘இது உங்கள் எண்ணாக இருக்கவே முடியாது’ என்று அலுவலர் கூற, அம்மையார் அந்தப் பழைய சிற்றேட்டையே எடுத்துச் சான்றாக நீட்டினார்!

வெள்ளித்திரை கண்ட வழி

தொலைபேசி எண்ணைப் பொறுத்தவரை இத்தொல்லையை முதலில் பெரிதாக எதிர்கொண்டவர்கள் திரைப்படக்காரர்கள். கதாநாயகன் ஓர் எண்ணைச் சொன்னால் படம் பார்த்தவர் வீடு திரும்பி அதைச் சுழற்றிப் பார்ப்பது இயல்பன்றோ? அமெரிக்காவில் அந்நாளில் இணைப்பகங்களுக்குப் பெயர் உண்டு. பெயரின் முதலிரண்டு ஆங்கில எழுத்துகளே எண்ணின் முதலிரண்டு இலக்கங்களாகும். 5 என்னும் இலக்கத்துக்கு உரியவை ஜே, கே, எல் ஆகிய மூன்றெழுத்துகள். அவற்றுள் இரண்டு அடுத்தடுத்து வந்து தொடங்கும் பெயர் கிடைப்பது அரிது. ‘க்ளோண்டைக்’ போல ஒன்றிரண்டுதான் உண்டு. ஆகவே 55 என்று தொடங்கும் இணைப்பகங்கள் மிகச் சிலவே இருந்தன. 555 என்பது பெரும்பாலும் தரிசு நிலமாய்க் கிடந்தது. தொலைபேசிக் கம்பெனிகளும் அதையே படங்களில் பயன்படுத்துமாறு ஊக்கின.

ஆனால் தரிசும் ஒரு காலத்தில் விளைநிலமாகும். 555-1212 என்பது தொலைபேசி விசாரணைக்குரிய மெய்யான எண்ணாயிருந்தது. 1994 முதல் 555 வரிசையின் ஏனைய எண்களும் வேண்டுவோர்க்கு வழங்கத் திறந்து விடப்பட்டன. கற்பனைக்கென்று எஞ்சியவை 0100 முதல் 0199 வரையுள்ள நூறு எண்களே. நிரல் எழுதுவோர் பலர் இன்றும் பெருநம்பிக்கையோடு எழுதுகின்ற 555-1234 என்பது அந்த நூற்றுக்குள் அடங்குவதன்று என்பது குறிப்பிடத்தக்கது.

2003ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புரூஸ் ஆல்மைட்டி’ என்னும் படத்தில் கடவுளே தம் தொலைபேசி எண்ணை ஒருவனுக்கு அனுப்புகிறார். கதை நிகழும் பஃபலோ நகரில் அந்த எண் எவருக்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டே படமெடுத்தனர். ஆயினும் வட்டாரக் குறியீட்டைச் சொல்லாமல் ஏழிலக்கத்தை மட்டும் காட்டினர். வேறு பல வட்டாரங்களில் அதே ஏழிலக்கத்துக்கு உரியவர்கள் இருந்தனர். ‘கடவுள் இருக்கிறாரா?’ என்று கேட்டு அவர்களுக்கு இராப்பகலாய் அழைப்புகள் குவிந்தன. பின்னர் வீட்டில் பார்ப்பதற்கென வெளியான பதிப்பில் 555 எண் புகுத்தப்பட்டது. 18 ஆண்டுகள் கழித்துத் தென்கொரியாவின் ‘ஸ்குவிட் கேம்’ தொடரிலும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. முன்னொட்டு இலக்கங்களை விட்டு எட்டை மட்டும் காட்டினால் தீங்கில்லை என்று கருதினர். அந்நாட்டுக் கைப்பேசியோ விடுபட்ட 010ஐத் தானே சேர்த்துக் கொள்ளும்! எண்ணுக்குரியவர்க்கு ஆயிரக்கணக்கில் அழைப்பும் செய்தியும் வந்தன. ஓரூரில் காலியாயிருப்பது மற்றோரூரிலும் காலி என்பது பிழையான கணக்கு.

நிரலுக்குள் புகுந்த எண்

இனிக் கணினிக்கு வருவோம். பணப்பையிலாவது ‘மாதிரி’ என்று எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்தவன் படிக்கலாம். கணினி அவ்வாறு தயங்கிப் பார்ப்பதில்லை. சோதனைக்கென நிரலில் ஒரு தொலைபேசி எண்ணை இட்டு, நுழைவுக் குறியீட்டை அனுப்பச் சொன்னால், அந்த எண் எவருடையதாயினும் நள்ளிரவிலும் ஓயாது அனுப்பிக் கொண்டேயிருக்கும். இதனினும் கொடிது வேறொன்று உண்டு. சோதனையாளர் வசதிக்காக, ‘இந்த எண்ணோடு வந்தால் இந்தக் குறியீட்டை எப்போதும் ஏற்றுக்கொள்’ என்று நிரலில் எழுதி வைப்பர். அதை நீக்க மறந்தால் அது வீட்டின் பின்கதவைத் திறந்து போட்டதற்கு ஒப்பாகும்.

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் தொலைபேசி எண் போன்ற முகவரி உண்டு. 1.1.1.1 என்பது நெடுங்காலம் எவருக்கும் வழங்கப்படாதிருந்தது. எழுதவும் எளிது. எனவே பாடநூல்களிலும் கருவிகளிலும் அதை மாதிரியாக இட்டு வந்தனர். 2010ஆம் ஆண்டு சனவரியில் 1 என்று தொடங்கும் முகவரிகள் ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவகத்துக்கு வழங்கப்பட்டன. அவற்றுக்கு வழிதிறந்து சோதித்தபோது 10 மெகாபிட் அளவுள்ள இணைப்பு உடனே நிரம்பிவிட்டது. எங்கெங்கோ மறந்து விடப்பட்ட மாதிரிகளெல்லாம் ஒரே வாசலில் வந்து மோதின போலும்! 2018 ஏப்ரல் 1இல் அதே முகவரியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஒரு பொதுச் சேவையைத் தொடங்கிற்று. தம் கருவிகளுக்குள் அவ்வெண்ணை ஏற்கெனவே குடிவைத்திருந்த சில இடங்களிலிருந்து அச்சேவையை எட்டவே முடியவில்லை.

ஆனால் மனிதரை இது எவ்வளவு வாட்டக்கூடும் என்பதற்குக் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றே போதும். இணைய முகவரி எந்த ஊருக்குரியது என்று கூறும் தொழிலை மேக்ஸ்மைண்ட் என்னும் நிறுவனம் செய்து வந்தது. அமெரிக்காவுக்குள் இருக்கிறது, ஊர் தெரியவில்லை என்னும் நிலையில் என்ன எழுதுவது? நாட்டின் நடுப்பகுதியை முழு எண்ணாக்கி, வடக்கு 38 பாகை, மேற்கு 97 பாகை என்று இட்டு வைத்தனர். ‘தெரியாது’ என்பதற்கு ஈடாக வைத்த எண் அது. அந்தப் புள்ளியோ போட்வின் என்னும் சிற்றூர்ப் பக்கத்தில், ஒரு மூதாட்டியின் நிலத்தில் விழுந்தது. 60 கோடி முகவரிகள் அவ்வீட்டின் மேல் சுமத்தப்பட்டன. நாட்டில் எங்கே திருட்டு நடந்தாலும், எவர் மோசடி செய்தாலும், ஊர் தெரியாத குற்றங்களெல்லாம் அங்கே வந்து நின்றன. காவலர் வந்தனர்; வரி அதிகாரிகள் வந்தனர்; தற்கொலைக்கு முயன்றோரைத் தேடி ஆம்புலன்சுகளும் வந்தன. வட்டாரக் காவல் தலைவர், ‘இவ்வீட்டாரைத் தொல்லை செய்யாதீர், ஐயமிருந்தால் என்னைக் கேளுங்கள்’ என்று வாசலில் பலகையே நட்டார். பத்தாண்டுக்கு மேல் நீடித்த இக்கொடுமைக்குக் காரணம் 2016ஆம் ஆண்டில்தான் செய்தியாளர் ஒருவரால் வெளிப்பட்டது. அதன் பிறகு நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தி வைத்தது. முதலிலேயே நீரில் வைத்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

பரிகாரம் இல்லாமலில்லை. 1999ஆம் ஆண்டு சூன் திங்களில் இணையப் பொறியாளர்கள் ‘எக்சாம்பிள்.காம்’ முதலிய பெயர்களை மாதிரிக்கே என்று ஒதுக்கி வைத்தனர். பிரிட்டனில் தொலைத்தொடர்பை மேற்பார்க்கும் ஆஃப்காம், நாடகங்களுக்கென்றே எண் வரிசைகளை வகுத்துள்ளது. அவற்றுள் ஒன்று 01632 என்று தொடங்கும். நியூகாசில் நகரின் பழைய குறியீடு 0632. நகரம் வேறெண்ணுக்கு மாறியபின், அதனோடு ஒன்றைச் சேர்த்த 01632 எவ்வூருக்கும் இல்லாது காலியாயிற்று. ஆஸ்திரேலியாவும் இவ்வாறே சில எண்களைத் தனியே வைத்துள்ளது. இவற்றைத் தேடி எடுத்து எழுத இரண்டு நிமிடம் செல்லும். வாயில் வந்ததை எழுத அந்த நேரமும் வேண்டியதில்லை, சிக்கல் அங்கேதான்.

இப்போதோ மனிதர் எழுதாமலே எண் பிறக்கும் காலமும் வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில், இங்கிலாந்தில் இரயிலுக்குக் காத்திருந்த ஒருவர் வாட்ஸ்அப் செயலியிலுள்ள செயற்கை அறிவுத் துணையிடம் இரயில் கம்பெனியின் எண்ணைக் கேட்டார். அது ஒரு கைப்பேசி எண்ணைத் தந்தது. ஐயுற்று அவர் மேலும் மேலும் வினவ, அக்கருவி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விளக்கம் கூறிற்று. அவ்வெண் வெறுங் கற்பனை என்றும் ஒரு கட்டத்தில் சொல்லிற்று. ஆனால் அந்த எண் மெய்யாகவே ஒருவருடையது. அவர் 170 மைல் தொலைவில், ஆக்ஸ்போர்டுஷயரில் இருந்தார். அவருக்கும் இரயிலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தம் தொழிலுக்கென ஓர் இணையப் பக்கத்தில் எண்ணைப் போட்டு வைத்திருந்தார். இரயில் கம்பெனியின் எண்ணோடு அதன் முதல் ஐந்து இலக்கங்கள் ஒத்திருந்தன என்று செயலியை நடத்தும் நிறுவனம் பின்னர் விளக்கம் தந்தது.