ஐந்நூறு மீட்டர்

நாகைக் கடலோரத்து நிலம் உப்பேறுவதற்கெல்லாம் இன்று 'பருவநிலை மாற்றம்' என்கிறார்கள். கடல்மட்டம் உயர்வது உண்மைதான். ஆனால் கடல் தானாக வருமுன்பே அதை மோட்டார் வைத்து வயலுக்குள் இறைத்தார்களே, 90களின் இறால் கம்பெனிகள்! குடிநீர் கரித்தது. நிலமற்ற தலித் கூலிகளுக்கு விற்க நிலமுமில்லை, செய்ய நடவுமில்லை.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 1991 கடலோர அறிவிப்பின்படி, ஓதம் ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடிக்கவேண்டும். பாரம்பரிய முறைகளுக்கு மட்டும் விலக்கு. ஜெயிச்சாச்சுன்னு நெனச்சவங்கள்ல நானும் ஒருத்தன். மறுசீராய்வில் தடை வந்தது.

பிறகு பாராளுமன்றம் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் போட்டது. 500 மீட்டர் 200 ஆனது. அதுகூடப் பெரிசில்லை, அந்த அறிவிப்பு இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்பதை 1991 பிப்ரவரி 19 முதலே அமல் என்று முன்தேதியிட்டார்கள். பதினாலு வருஷ மீறல் மீறலே இல்லை என்றாகிவிட்டது. உப்பு மட்டும் முன்தேதியிட்டு வெளியேறவில்லை.

பருவநிலைக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்தத் தேதிகளையும் அதில் சேர்க்கவேண்டும் என்கிறேன்.