இரவற் கூறுகளும் இழந்தோர் பதிவேடும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி எழுந்த கடற்கோள் முல்லைத்தீவு நகரையும் அதனை அடுத்த கள்ளப்பாடு, செல்வபுரம் முதலிய கரையோரக் குடியிருப்புகளையும் அழித்தது. உயிர் தப்பியோருக்கு உணவுக்கும் உறைவிடத்துக்கும் அடுத்தபடியாக வேண்டப்பட்டது ஒரு பட்டியலாகும். இறந்தோர் யாவர், காணாமற் போனோர் யாவர், எப்பிள்ளை எம்முகாமில் உள்ளது என்னும் வினாக்களுக்குத் தாளிற் குறிக்கப்பட்ட தனித்தனிப் பட்டியல்கள் விடை தரவில்லை.

இத்தேவை இலங்கைக் கரையெங்கும் ஒன்றேயாக இருந்தது. 2005 சனவரியில் கொழும்பிற் கணினித் துறைத் தொண்டர்கள் இயற்றத் தொடங்கிய 'சஹானா' என்னும் திறந்த மூல மென்பொருள் இதன் விளைவேயாகும். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். வன்னியின் பெரும்பகுதி அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் நிருவாகத்தில் இருந்தது. நிவாரணத்தை இரு தரப்பும் இணைந்து நடத்துவதற்கென 2005 யூன் 24இல் ஒப்பமிடப்பட்ட பொதுக் கட்டமைப்போ, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உள்ளாயிற்று. பட்டியல்களை ஒன்றாக்குதல் அரசியலிலும் எளிதாயிருக்கவில்லை என்பது இதனாற் புலனாகும்.

சஹானாவின் இரண்டாம் கட்டம் பீஎச்பீ மொழியில் எழுதப்பட்டு, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மீது இயங்கியது. எனினும் மொழிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே நின்ற ஏடீஓடீபீ என்னும் கூறு சஹானாக் குழுவினர் ஆக்கியதன்று. அது மலேசியாவைச் சேர்ந்த ஜோன் லிம் என்பார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். பிறர் ஆக்கங்களுக்கெனச் சஹானாவில் ஒதுக்கப்பட்ட தனிக் கோப்புறையில் அது வைக்கப்பட்டிருந்தது.

இத்தகைய இரவற் கூறு ஏன் வேண்டப்பட்டது? தரவுத்தளங்கள் யாவும் ஒரே வினவல் மொழியைப் பேசுவதாகக் கூறப்படினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டார வழக்கு உண்டு. பட்டியலொன்றின் முதற் பத்து வரிகளைப் பெறும் சிறு காரியத்தைக்கூட மைஎஸ்கியூஎல் ஒரு விதமாகவும் ஒராக்கிள் வேறு விதமாகவும் எழுதுவித்தன. இடைநின்ற கூறு இவ்வேறுபாட்டைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. 2005 ஒக்டோபரிற் பாக்கித்தானிலும், 2006இல் யோக்யகர்த்தாவிலும் நிகழ்ந்த நிலநடுக்கங்களின்போது சஹானா பயன்பட்டமையை நோக்கின், ஒரு நாட்டின் ஏற்பாட்டுக்குள் அது அடைபட்டிருக்க இயலாது என்பது தெளிவு.

பயன் இவ்வாறாக, ஆபத்தும் அங்கேயே இருந்தது. பீஎச்பீயின் பழைய மைஎஸ்கியூஎல் இணைப்புக் கூறு 2013இற் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2015 டிசெம்பரில் வெளியான ஏழாம் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. அதனை நேரடியாக நூறு இடங்களில் அழைத்த நிகழ்ச்சித்திட்டங்கள் நூறு இடங்களிலும் திருத்தப்படவேண்டியிருந்தன. இடைக்கூறு வழியாக அழைத்தவற்றில் இயக்கியின் பெயரை ஓரிடத்தில் மாற்றுதல் பெரும்பாலும் போதுமாயிற்று. ஆயினும் அவ்விடைக்கூற்றையும் ஒருவர் பேணவேண்டுமன்றோ? ஏடீஓடீபீயின் பொறுப்பு 2014 முதல் தமியன் ரெகாத் முதலிய தொண்டர்களிடம் சென்றது. பேணுவோர் அகப்பட்டமை நற்பேறே. அதனை எவரும் உறுதியளித்திருக்கவில்லை.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. மைஎஸ்கியூஎல் யுனிகோட் எழுத்துகளை ஏற்கத் தொடங்கியது 2004 ஒக்டோபரில் வெளியான 4.1ஆம் பதிப்பிலேயாகும். கடற்கோளுக்கு இரு மாதங்களே முந்திய வசதி அது. தரவுத்தளம் தமிழை ஏற்பினும், இடைநிற்கும் இணைப்பு பழைய எழுத்துக் குறிமுறையிலேயே விடப்படுமாயின் பெயர் சிதையும். சில வேளைகளில் ஒவ்வோர் எழுத்தும் வினாக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிடும். அவ்வாறு சேமிக்கப்பட்ட பெயரை எக்கூற்றாலும் மீட்க முடியாது. திரையில் மட்டும் சரிபார்த்து இதனைக் கவனியாது விடுவோர் இன்றும் உளர்.

சஹானாவின் பிற்கால வடிவம் பைதன் மொழிக்கு மாறி 2010இல் எயிட்டியிற் பயன்பட்டது. அதன் தரவுத்தள இடையடுக்கும் வெப்டுபை என்னும் பிறர் ஆக்கத்தினின்றே பெறப்பட்டது. அது எழுந்த காலத்துப் பைதன் இரண்டாம் பதிப்பின் ஆதரவோ 2020 சனவரி 1ஆம் திகதியுடன் முடிவுற்றது.

வன்னியிற் பட்டியல்களின் தேவை கடற்கோளுடன் தீரவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் ஏந்திய பெயர்களிற் பல 2009ஆம் ஆண்டுக்கு உரியவை. அவ்வாண்டில் உலகெங்கும் வழக்கிலிருந்த பீஎச்பீயின் பழைய இணைப்புக் கூறு, அவர்கள் வீதியில் வந்தமர்வதற்கு ஓராண்டுக்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டது.