வலமா, செம்மையா?

ஒரு விண்மீன் வானில் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு எண்கள் போதும். அவற்றுள் ஒன்றுக்குத் தமிழில் ‘வல ஏற்றம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘வலது ஏறுகை’ என்பாரும் ‘வல எழுச்சி’ என்பாரும் உண்டு. மூன்றும் ஒரே பிழையின் மூன்று உருவங்கள். பிழையோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். இப்போது அதற்குச் சங்கச் சான்றும் காட்டத் தொடங்கிவிட்டார்கள். திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் ஞாயிறு ‘வலனேர்பு’ திரிகிறதாம். முல்லைப்பாட்டிலும் நெடுநல்வாடையிலும் முகில் அவ்வாறே எழுகிறதாம். ஆகவே மேலைநாட்டார் பிற்காலத்தில் கண்ட அளவைக்கு நம் புலவர்கள் முன்னமே பெயரிட்டுவிட்டார்களாம். இதற்கு மேடைகளில் கைதட்டலும் கிடைக்கிறது.

மூன்று பாட்டிலும் சொல் இருப்பது உண்மை. பொருள்தான் வேறு. ஞாயிறு மேருவை வலமாகச் சுற்றுவதையே நச்சினார்க்கினியர் உரைக்கிறார். அது கிழக்கில் எழுந்து மேற்கில் அடையும் நாள்வழிச் செலவு. ‘வல ஏற்றம்’ என்ற எண்ணோ மேற்கிலிருந்து கிழக்காக எண்ணப்படுவது. மதுரையில் மொட்டைமாடியில் தெற்கு நோக்கி நில்லுங்கள்: விண்மீன்கள் இடக்கைப் பக்கம் எழுந்து வலக்கைப் பக்கம் இறங்கும், அந்த எண் வலத்திலிருந்து இடமாகக் கூடிக்கொண்டு போகும். வலனேர்புக்கும் இதற்கும் உள்ள உறவு பகையுறவு. வடக்கு நோக்கி நின்றால் கிழக்கு வலப்பக்கம் ஆகுமே என்று ஒருவர் கேட்டார். திசை கண்டவர்கள் ஞாயிறு எழும் பக்கம் நோக்கி நின்றார்கள். அதனால்தான் தட்சிணம் என்ற சொல் வலத்துக்கும் தெற்குக்கும் பொதுவாயிற்று. வடக்கு நோக்கி நிற்பது, விடையை முன்பே வைத்துக்கொண்டு வினா தேடுவது.

பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். பூமியின் நடுவரையை வானில் நீட்டினால் வான நடுவரை. அதிலிருந்து வடக்கே, தெற்கே எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது நடுவரை விலக்கம்; இந்தப் பெயரில் குறையில்லை. மார்ச் மாதத்தில் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில் ஞாயிறு நடுவரையைக் கடக்கும் புள்ளியிலிருந்து கிழக்கே எவ்வளவு தொலைவு என்பது மற்ற எண். அதைப் பாகையில் சொல்லாமல் மணியில் சொல்வார்கள். வானம் முழுச்சுற்றுச் சுற்ற 24 மணி, ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. திருவாதிரை 5 மணி 55 நிமிடம், வடக்கு 7 பாகை 24 கலை. விண்மீன் நேரம் காட்டும் கடிகாரத்தில் 5.55 ஆகும்போது அது உச்சிக்கோட்டில் நிற்கும். சென்னை 13 பாகை வடக்கே இருப்பதால், தலைக்கு நேர் மேலிருந்து ஐந்தரைப் பாகை போலத் தெற்கே தள்ளித் தேட வேண்டும். அரை மணி கழித்து அகத்தியம் உச்சிக்கோட்டுக்கு வரும் (6 மணி 24 நிமிடம், தெற்கு 52 பாகை 42 கலை). தென்வானில் 24 பாகை உயரத்தில் பார்த்துக்கொள்ளலாம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்திலிருந்து டெய்லர் 1844இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 விண்மீன்கள் இந்த முறையில்தான் இடம் பெற்றன.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ரைட் அசென்ஷன்’. ரைட் என்றதும் வலக்கை நினைவுக்கு வந்தது கலைச்சொல்லாக்கியார் குற்றம். ஆங்கிலம் இலத்தீனிலிருந்து பெயர்த்தது. அங்கே ‘அசென்சியோ ரெக்தா’. ரெக்தா என்றால் நேரானது, நிமிர்ந்தது. இலத்தீனார்க்கு வழிகாட்டிய அரபியர், இதை நேர்வட்டத்தில் எழும் எழுச்சி என்றார்கள். அவர்கள் ஆண்ட சொல் ‘முஸ்தகீம்’. தொழுகையில் நேர்வழியைக் கேட்கும்போது நாள்தோறும் ஓதப்படும் சொல்லே அது, ஆகவே நம்மில் பலருக்குப் பழக்கமானது. அரபியர்க்கும் முன்னால் தாலமி கிரேக்கத்தில் சொன்னது நிமிர்ந்த கோளம். மூன்று மொழிகள், ஒரே பொருள். வலம் எங்கும் இல்லை.

எது நிமிர்ந்தது? நிலநடுவரையில் நிற்பவனுக்கு எல்லா விண்மீனும் தொடுவானத்துக்குச் செங்குத்தாக எழும். வடக்கே போகப் போக அவை சாய்ந்து எழும். எழும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும். சாய்ந்த எழுச்சிக்கு இலத்தீனில் ‘ஒப்ளிக்வா’ என்று தனிப்பெயர் உண்டு. இடத்துக்கு இடம் மாறாத எழுச்சியே ரெக்தா.

நம்மவர்க்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சித்தாந்த நூலார் இதை ‘லங்கோதயம்’ என்றார்கள். அவர்களுடைய இலங்கை இன்றைய தீவன்று. உச்சயினிக் கோடு நிலநடுவரையை வெட்டுமிடத்தில் கணக்குக்காக வைத்துக்கொண்ட ஊர். அங்கே மேடம் எழ 1,670 மூச்சும், இடபம் எழ 1,795 மூச்சும், மிதுனம் எழ 1,935 மூச்சும் ஆகும் என்கிறது சூரிய சித்தாந்தம். கூட்டினால் 5,400, நாள் ஒன்றுக்குரிய 21,600இல் சரியாகக் கால் பங்கு. மூச்சு என்பது நான்கு விநாடி. ஒரு மூச்சில் பூமி ஒரு கலை திரும்பும் என்று ஆரியபடீயம் சொல்வது இதையே. மணிக்குப் பதினைந்து பாகை என்று பெருக்குவதைவிட மூச்சுக்கு ஒரு கலை எவ்வளவு தூய்மையான கணக்கு! சாய்ந்த எழுச்சியும் நம் வீட்டில் உண்டு. சோதிடர் மனப்பாடமாகச் சொல்லும் இராசிமானம் அதுதான்: மீனத்துக்கு நாலேகால் நாழிகை, கடகத்துக்கு ஐந்தரை. இது நம் ஊர்களுக்கு உரிய அளவு. வடக்கே உச்சயினிக்குப் போனால் பொருந்தாது.

இனி என் சொல். வடிவியலில் ‘ரைட் ஆங்கிள்’ என்பதைத் தமிழர் எப்படிச் சொன்னார்கள்? செங்கோணம். செங்குத்து, செங்கோல், செவ்வகம் என எல்லாவற்றிலும் செம்மை நேர்மையைக் குறித்தது. வள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்தது நேர்வுக்கும் வளைவுக்கும் உள்ள பகையை வைத்தே. கணையையும் யாழையும் ஒப்பிடும் குறளுக்குப் பரிமேலழகர் உரையைப் பாருங்கள், வடிவின் செம்மையும் செயலின் செம்மையும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். சிவப்பும் நேர்மையும் ஒரே வேரா என்பது தனிச் சண்டை. புறநானூற்று 30ஆம் பாட்டின் செஞ்ஞாயிற்றை ‘நேர்செல்லும் ஞாயிறு’ ஆக்கத் துணிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தூரம் நான் வர மாட்டேன். அசென்சியோ ரெக்தா என்பது செவ்வெழுச்சி, மற்றது சாய்வெழுச்சி. ‘லங்கோதயம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்றால், கொழும்பில் எழும் நேரமோ என்று படிப்பவர் மயங்குவர்.

சங்கச் சான்று வேண்டுவோர் வலனேர்பை விட்டுப் புறநானூற்று 229ஆம் பாட்டுக்குப் போகட்டும். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறப்பதற்கு முன் ஒரு பங்குனி நள்ளிரவில் விழுந்த மீனைக் கூடலூர் கிழார் பாடுகிறார். அந்த நேரத்தைப் பழைய உரை இப்படிக் காட்டுகிறது: உத்தரம் உச்சியிலிருந்து சாய்கிறது, அதற்கு எட்டாம் மீனாகிய மூலம் எழுகிறது, முன்னால் எட்டாவதாகிய மிருகசீரிடம் அடைகிறது. இன்றைய பட்டியலில் மிருகசீரிடம் 5 மணி 35 நிமிடம், உத்தரம் 11 மணி 49, மூலம் 17 மணி 34. ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி, அதாவது கால்வானம். பூமியின் அச்சு மெல்லத் திசைமாறுவதால் அன்று இந்த எண்கள் வேறு. இடைவெளியும் அரைமணி போலக் கூடிக் குறைந்திருக்கும். ஆனாலும் உச்சிக்கோட்டில் எது நிற்கிறது என்பதைக் கொண்டு நேரம் குறிக்கும் முறை இதுவே. எண் மட்டுந்தான் இல்லை.

பழகிவிட்ட சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்பது கடைசி மறுப்பு. ‘வல ஏற்றம்’ படிக்கும் மாணவன் வானில் வலப்பக்கம் தேடுகிறான். பழக்கம் அவனுக்கு உதவவில்லை. அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒருவர் எடுத்தாண்டார், மற்றவர்கள் பின்பற்றினார்கள் என்பதே என் துணிபு. செங்கோணத்தை வலக்கோணம் என்று மாற்ற அவர்கள் முன்வரட்டும். அதன் பிறகு வல ஏற்றத்தைப் பற்றிப் பேசலாம்.